மகனின் காதுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது மகன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வான், வியர்த்துக் கொட்டினாலும் கழற்ற மாட்டான், அதைப் பார்த்துத்தான் டாக்டரிடம் போனோம். காதுமடலின் உள்மடிப்பு சரியாக உருவாகாததால்தான் காதுகள் வெளியே துருத்தி நிற்கின்றனவாம். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 5, 6 வயதுக்குள் காது பெரும்பாலும் வளர்ந்துவிடும், அப்புறம் அறுவை சிகிச்சை செய்யலாம். காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தையல் போடுவார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் வந்திருந்தால் காதை வடிவமாக்கும் அச்சு வைத்தே சரிசெய்திருக்கலாம் என்றார். அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. பெரிய காது அதிர்ஷ்டம் என்கிறார் பாட்டி. சரி, ஆனால் தொப்பிக்குள் ஒளிவது அவன்தானே. அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி முன் நின்று, காதின் பின்புறத்தை ஒற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான். தூங்கும்போது மட்டும் இன்னும் சில வாரம் தலைப்பட்டை கட்டவேண்டும்.