வைரவனின் இடுப்பும் வீணாய்ப் போன நான்கு மாதமும்

எங்கள் நாய் வைரவனுக்கு ஒழுங்கான ஒரு இடுப்பு எக்ஸ்ரே எடுக்க எங்களுக்கு மூன்று பயணம் ஆனது. அதற்கு முன்னால் நான்கு மாதம் கால்சியம் சிரப்பிலும் உண்ணிக் காய்ச்சல் மாத்திரையிலும் போய்விட்டது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெரிய ஜாதி நாய் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் நாங்கள் பட்டதைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அவ்வளவு பெரிய வீட்டில் அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), அப்பத்தா, நான் என்று நான்கே பேர். இரண்டு பக்கத்து வீடும் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். காவலுக்கு இருக்கட்டும் என்று ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கினோம். வைரவன்பட்டிக் கோயிலுக்குப் போய் வந்த வாரத்தில் வந்ததால் அப்பத்தா வைத்த பெயர் வைரவன்.

விற்றவர் கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டினார். தாய் தகப்பன், பாட்டன் பாட்டி என்று வரிசையாகப் பெயர்கள். எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தத் தாள் வம்சத்தைச் சொல்லும், அந்த வம்சத்தின் இடுப்பு எப்படி இருந்தது என்று சொல்லாது. இது அப்போது எனக்குத் தெரியாது. ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட் எல்லாமே ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராத கோளாறு, பரம்பரையாக வருகிற இனங்கள். ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பல சேர்ந்து வருவது. அதனால் தாயும் தகப்பனும் நன்றாக ஓடியாடினாலும் குட்டிக்கு வரலாம். இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களுக்கு எக்ஸ்ரே எடுத்துத் தரம் போடுவது இதற்காகத்தான். அமெரிக்காவில் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு 1966-இல் இந்த வேலைக்காகவே தொடங்கப்பட்டது. நாய்க்கு இரண்டு வயது நிரம்பினால்தான் அவர்களுடைய இறுதிச் சான்று கிடைக்கும்.

“தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே இருக்கா, படத்தைக் காட்டுங்க” என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னால் போன் போட்டுக் கேட்டபோது, “அதெல்லாம் யாரும் எடுக்கிறதில்ல சார், ரெண்டும் நல்லாத்தானே ஓடுது” என்றார்.

மூன்றாவது மாதம் நாய்த் தீனிக் கடையில், “பெரிய ஜாதி, எலும்பு பலமாகணும்ல” என்று ஒரு கால்சியம் சிரப்பை எடுத்து வைத்தார்கள். வாங்கினேன். காலையிலும் மாலையிலும் அப்பத்தாவே கணக்காக ஊற்றிவிடுவார். அதோடு நெய்ச் சோறு, ஆட்டெலும்புச் சூப்பு. குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தான். தெருவே பார்த்துச் சந்தோஷப்பட்டது.

நான்கரை மாதத்தில் முதல் அறிகுறி. ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தாவினான். விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு படுத்து எழ நேரம் எடுத்தது. முகப்புப் படியில் ஏறாமல் கீழேயே நின்று எங்களைப் பார்ப்பான். நடக்கும்போது பின்பக்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடும்.

முதலில் காட்டிய மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று கால்சியம் ஊசி போட்டார். சிரப்பை இரட்டிப்பாக்கச் சொன்னார். அடுத்தவர் உண்ணிக் காய்ச்சல் என்றார். நம் பக்கம் உண்ணி அதிகம், அதிலும் கால் நொண்டும் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனை எடுக்காமலே 28 நாள் மாத்திரை எழுதியதைத்தான் சொல்கிறேன். மூன்றாமவர், “வளர்ற வலி, தானாப் போயிடும்” என்றார். அப்படி ஒரு வலி உண்மையிலேயே உண்டு. பானோஸ்டியைட்டிஸ் என்று பெயர், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அதிகம் வரும். ஆனால் அது ஒரு காலில் வந்து, ஆறி, இன்னொரு காலுக்குத் தாவும். வைரவனுக்கு எப்போதும் பின்னங்கால் இரண்டுமேதான். இந்த வித்தியாசத்தை அன்றைக்கு எங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நாயை நான்கு பக்கமிருந்தும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி மேசை மேல் ஏற்றியதும் நாய் பயத்தில் விறைத்து நிற்கும், ஒன்றும் தெரியாது.

எட்டரை மாதத்தில், வீடியோவைப் பார்த்த சென்னை நண்பர் ஒருவர்தான் முதன்முதலில் இடுப்பு என்ற வார்த்தையைச் சொன்னார். மதுரையில் ஒரு கிளினிக்குக்கு போன் செய்து நாள் வாங்கினேன். இரண்டு டாக்சிக்காரர்கள் நாய் என்றதும் முடியாது என்றார்கள். சீட்டுக்குச் சாக்கு விரிப்பதாக நான் சொன்ன பிறகு மூன்றாமவர் ஒத்துக்கொண்டார். இரண்டு மணி நேரப் பயணம். போய் உட்கார்ந்ததும் கேட்டார்கள்: “காலையில சாப்பிட்டானா?” சாப்பிட்டிருந்தான். தூரம் போகிறான் என்று அப்பத்தா இன்னும் இரண்டு இட்லி சேர்த்தே கொடுத்திருந்தார். மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிய படம், வயிற்றில் உணவு இருந்தால் வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும், திரும்பிப் போங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் நாள் கொடுத்த அன்றைக்குப் போனில் அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாமே? நீங்கள் நாள் வாங்கும்போது, எத்தனை மணியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர் கொடுக்கலாமா என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள்.

பத்து நாள் கழித்து, வெறும் வயிற்றோடு மறுபடி அங்கேயே போனோம். அன்றைக்கு மயக்க மருந்து கொடுக்கிறவர் வரவில்லை. “பிடிச்சுக்கிட்டே எடுத்துடலாம்” என்று இரண்டு பேர் முன்னாலும் பின்னாலும் பிடிக்க, வைரவன் அலறியதை நான் இந்தப் பக்கம் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். படம் கிடைத்தது. பணமும் கட்டினோம். கையில் தந்தது விளக்குப் பெட்டியில் வைத்துப் போனில் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும்.

அதை எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 2012-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகாமல் இருக்கிற வழி. அங்கே பார்த்த டாக்டரம்மா படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி” என்றார். நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பின்னங்காலையும் நேராக இழுத்து, தொடை எலும்பு இரண்டும் தண்டவாளம் மாதிரி இணையாக வர வேண்டும். இடுப்பெலும்பின் இரண்டு பக்க ஓட்டையும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். எங்கள் படத்தில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. உடம்பு சாய்ந்திருந்தால் நல்ல மூட்டு கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். வலியில் தசையை இறுக்கிக்கொண்டிருக்கும் நாயை மயக்கம் இல்லாமல் அப்படிப் படுக்க வைக்க முடியாது.

மயக்கம் கொடுத்துப் புதுப் படம் எடுத்தார்கள். அந்த மயக்கத்திலேயே தொடையை அழுத்தி விரித்து மூட்டின் தளர்ச்சியையும் கையால் பார்த்தார். பந்து கிண்ணத்துக்குள் விழுகிற ‘டொக்’ என்பது எனக்கே கேட்டது.

படத்தைப் பார்த்தபோது ஆட்டுக்கல்தான் ஞாபகம் வந்தது. குழவி குழிக்குள் ஆழமாக உட்கார வேண்டும். வைரவனுக்குக் குழியே ஆழமில்லை, தட்டு மாதிரி இருந்தது. குழவி பாதி வெளியே நின்றது. நடக்க நடக்க விளிம்பில் உரசி, எலும்பு ஓரத்தில் முள் மாதிரித் தேய்மானம் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும். இடது பக்கம் அதிகம்.

வரிசையாகச் சொன்னார். நான்கு, ஐந்து மாதத்துக்குள் கண்டுபிடித்தால் இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சியை நிறுத்தி, கிண்ணம் தானாகத் திரும்பி மூடுகிற மாதிரி ஒரு சின்ன அறுவை உண்டு. அந்தக் காலம் தாண்டிவிட்டது. பத்து மாதத்துக்குள், தேய்மானம் தொடங்காமல் இருந்தால், இடுப்பெலும்பை அறுத்துக் கிண்ணத்தைச் சாய்த்து வைக்கலாம். தேய்மானம் தொடங்கிவிட்டதால் அதுவும் இல்லை. இந்த இரண்டாவதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆறாவது மாதத்தில் யாராவது ஒருவர் படம் எடுக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். இனி மிச்சம் தொடை எலும்பின் பந்தையே வெட்டி எடுப்பது, அல்லது முழு மூட்டு மாற்று. இரண்டையும் இப்போது வேண்டாம், எடையையும் தரையையும் பாருங்கள் என்றார்.

கால்சியம் பாட்டிலைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. மனிதக் குழந்தையோடு ஒப்பிட்டு நாம் கொடுத்துவிடுகிறோம். பெரிய இனக் குட்டிக்கு ஆறு மாதம் வரை அதிகக் கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறன் கிடையாது, கொடுத்தது உள்ளே போகும். குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுவது கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். டிஸ்ப்ளேசியாவைக் கால்சியம் உண்டாக்கவில்லை, அது பரம்பரையாக வந்தது. ஆனால் வேகமான வளர்ச்சியும் கொழுப்பும் கால்சியமும் சேர்ந்து அதை மோசமாக்கும். அதை அப்பத்தாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பச்சிதான் சொன்னார். அப்பத்தா அன்றைக்கு முழுக்க வைரவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு எடை 36 கிலோ. ஒன்பதே மாதம். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்றார்கள். வீட்டில் இதுதான் பெரிய சண்டை. “பிள்ளையப் பட்டினி போடுறியேடா” என்று ஆத்தா அழுதார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அதில் பாதிப் பேருக்குக் கால் பங்கு குறைத்தே உணவு. அவை சராசரியாக ஏறக்குறைய 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் பிந்தியே வந்தது. இதைத் தமிழில் எழுதி அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து அவரே தராசு வைத்து அளந்து போட ஆரம்பித்தார். இப்போது வைரவனுக்கு இரண்டு வயது, 32 கிலோ.

தரை எங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் ஊற்றி எடுப்பது. நடக்க நடக்க மெருகு ஏறும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். பட்டாசாலையில் வைரவனுக்குப் பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கும், ஒவ்வொரு தடவையும் மூட்டு வெளியே இழுபடும். கோரைப்பாய் போட்டோம், பாயோடு சேர்ந்து வழுக்கினான். சாக்கு சுருண்டது. கடைசியில் கைகொடுத்தது மாட்டுத் தொழுவத்துக்கு விரிக்கிற கனத்த ரப்பர் பாய். உள்முற்றமான வளவைச் சுற்றி, அவன் நடக்கிற பாதை முழுக்க விரித்தோம். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், “இந்தத் தரைய மூடலாமா” என்று வருத்தப்பட்டார்கள். மூடித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பாதத்தின் அடியில் வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள், பாதி வழுக்கல் அதனால்தான்.

வலி மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அப்பச்சி தன் முழங்கால் வலிக்கு வைத்திருந்த டைக்ளோஃபெனாக்கில் பாதி உடைத்துக் கொடுக்கப் பார்த்தார். நல்லவேளை நான் பார்த்துவிட்டேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் இரண்டும் நாய்க்கு வயிற்றில் ரத்தக் கசிவும் சிறுநீரகப் பழுதும் உண்டாக்கும். நாய்களுக்கென்று கார்ப்ரோஃபென் போன்றவை இருக்கின்றன. அதையும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு, சாப்பாட்டோடுதான் கொடுக்கிறோம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாயில் தண்ணீர் நின்றால் நீச்சல். மூட்டில் எடை விழாமல் தொடைத் தசை ஏற அதைவிட நல்ல வழி இல்லை. ஊருணி குடிநீர், அங்கே விடக் கூடாது. நெஞ்சோடு பட்டை கட்டி, கயிறு என் கையில். முதல் நாள் இரண்டு நிமிஷம். தை மாதத்தில் பத்து நிமிஷம் போனான். வறண்ட பின் மெதுநடை மட்டும். திரும்பி வந்ததும் உண்ணி பார்ப்பது கட்டாயம்.

தேவகோட்டைப் பெரியப்பா தன் பெட்டை நாய்க்கு வைரவனைக் கேட்டார். மறுத்தேன். நான்கு மாதமாகப் பேச்சில்லை. “நாட்டு ஜாதி வாங்கியிருந்தா இதெல்லாம் இல்ல” என்றும் சொல்லி அனுப்பினார். நாட்டு ஜாதியான ராஜபாளையம் நாயிலும் வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவிச் செவிடு வருவதுண்டு, அதையும் பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நேரில் பார்க்கும்போது சொல்வேன்.

விற்றவருக்கு எக்ஸ்ரேயை அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அதே ஜோடியின் அடுத்த ஈற்றுக்கு விளம்பரம் வந்திருக்கிறது. வைரவனோடு பிறந்த ஒரு குட்டி திருச்சியில் இருப்பது அந்த விளம்பரத்தின் கீழ் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. அவனும் படி ஏற மாட்டேன் என்கிறானாம், அவனுக்கும் கால்சியம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை படம் எடுக்கிறார்கள். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும், போனில் எடுத்த போட்டோவோடு விடாமல் படத்தின் ஃபைலையே வாங்கிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ராத்திரியோடு சாப்பாடு நிறுத்த வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டும்.