சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகள்

சென்னைப் பக்கம் சேலையூரில் முதலில் பார்த்த பழைய ஃபிளாட் 52 லட்சம். எங்கள் இருவருக்குமே பிடித்திருந்தது. வில்லங்கம் இல்லை, வங்கியும் கடன் தரத் தயார். நான்தான் மூன்று வாரம் இழுத்தடித்தேன். சமையலறை தென்கிழக்கில் இல்லை என்றேன், லிஃப்ட் பழசு என்றேன். உண்மையில் இருந்தது இருபது வருட இஎம்ஐ பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வாஸ்துவைத் துணைக்கு அழைத்தேன். நான்காவது வாரம் புரோக்கர் போன் செய்து, "சார், அது முடிஞ்சிருச்சு" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு குறைகூட எனக்குத் தெரியவில்லை!

அந்தச் சூட்டோடு மேடவாக்கம் பக்கம் ஒரு பில்டர் ஆபீசுக்குப் போனோம். சுவரில் மாடிவாரியாகக் கட்டம் போட்ட சார்ட், விற்ற வீடுகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். மூன்றே கட்டம்தான் வெள்ளை. அங்கிருந்த சேல்ஸ் பையன் சொன்னான்: "ஆடி முடிஞ்சா சதுர அடிக்கு 300 ஏறும் சார். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க. ரெண்டு லட்சம் டோக்கன் போட்டா பிளாக் பண்ணிடலாம்." நான் செக் புக்கை வெளியே எடுத்துவிட்டேன். மனைவி மட்டும், "யூடிஎஸ் எவ்வளவு வருது?" என்று கேட்டாள். நிலத்தில் நம் பங்கு எவ்வளவு என்ற கேள்வி. அந்தப் பையன் மொட்டைமாடி ஜிம்மைப் பற்றிச் சொன்னான். "நாளைக்கு வர்றோம்" என்று எழுந்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை நான் அவளிடம் பேசவில்லை.

பத்து நாள் கழித்து அப்பாவோடு போனேன். இப்போது வெள்ளைக் கட்டம் ஐந்து. ஒன்றில் ஸ்டிக்கர் உரித்த பசை அப்படியே இருந்தது. புக்கிங் கேன்சலாகியும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

1975-ல் உளவியலாளர் ஸ்டீபன் வோர்ச்சல் குழுவினர் ஒரே வகை பிஸ்கட்டை ஒரு ஜாடியில் பத்தும் இன்னொன்றில் இரண்டுமாக வைத்துச் சோதித்தார்கள். இரண்டே இருந்த ஜாடி பிஸ்கட்டுக்குத்தான் மவுசு. நான் அந்த ஜாடிக்குச் செக் எழுதப் போனவன்.

மூன்றாவது வீடு, ராஜகீழ்ப்பாக்கத்தில். போட்டிக்கு ஆளே இல்லை. அப்படியென்றால் ஏன் யாரும் வாங்கவில்லை என்று மறுபடி மனசு ஆரம்பித்தது. சரி, இந்த முறை ஒரு தாளில் எழுதினேன்: 30 வருட ஈசி (வில்லங்கச் சான்று), மூலப்பத்திரம், யூடிஎஸ், மெயின்டனன்ஸ் பாக்கி. வக்கீல் இந்த நான்குக்கும் சரி சொன்னால் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ், அப்புறம் புதுக் காரணம் எதுவும் கிடையாது. கீழே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தேன்.

விலை 54 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 4.86 லட்சம் தனி.

பால் காய்ச்சிய அன்று அப்பா அடுப்பு மேடையையும் ஜன்னல் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். இங்கேயும் சமையலறை தென்கிழக்கில் இல்லை.