டிசைன் எப்போ வரும்?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் ஆர்டர் கணக்கு பார்க்கிறேன். வேலையில் பாதி, டிசைன் வரைபவரைத் துரத்துவது. நல்ல கைக்காரர். ஆனால் “மனசுல இன்னும் அமையலண்ணே” என்று பென்சிலைச் சீவியே நாளை ஓட்டுவார். கேட்டால், “டாவின்சியே கெடு தாண்டித்தானே வரைஞ்சார்” என்று டாவின்சியை இழுப்பார்.

அது உண்மைதான். மிலானில் ஒரு சமய சபைக்கு ஓவியம் வரைய 1483-இல் ஒப்புக்கொண்டார் டாவின்சி. கெடு அந்த டிசம்பர். பணத் தகராறும் சேர்ந்துகொள்ள, விவகாரம் தீர 1508 ஆனது. இங்கே கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் டைல்ஸ் கேட்டே வருகிறார்கள்.

பதிலுக்கு நான் சொல்வது ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியை. 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷம் அவர் எழுத்தையெல்லாம் பதிப்பாளர் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். அக்டோபர் பிறந்தும் அந்த நாவல் பிறக்கவில்லை. சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது, ‘குற்றமும் தண்டனையும்’ ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல, 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. எதிரே ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்திருந்தால் மனசு அமையும்வரை எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? (மறு வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார், அது தனிக்கதை.) பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1830-இல் வெளியே போகும் உடுப்புகளைப் பூட்டிவைத்துவிட்டு, ஒரு கம்பளிப் போர்வையோடு எழுத உட்கார்ந்தார். மறு ஜனவரியில் நாவல் முடிந்தது.

பட்டறையில் கலவை யாருக்கும் காத்திருக்காது. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றியவர், உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து போட்டு முடிக்கும்வரை நகர முடியாது, இறுகிவிடும். பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறும் நாட்களை யாராலும் குறைக்க முடியாது. இழுத்தடிக்க இடம் இருப்பது பென்சிலில் மட்டும்தான்.

போன மாசம் காரைக்குடியிலிருந்து வந்த ஆச்சி ஒருவர், டிசைன் ஆகவில்லை என்றதும் கிளம்பவில்லை. டிசைன்காரர் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, “வரைங்க தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இங்கனயே இருக்கேன்” என்று வெற்றிலையை மடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முகப்புக்கு ஒன்று, உள்முற்றத்து வளவுக்கு ஒன்று தயார். சிவப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அதிலிருந்து அவசர ஆர்டர்காரர்களை நேராக அவர் மேஜைக்கே அனுப்பிவிடுகிறேன். அவருக்குக் கோபம். அப்படியென்றால் கூலியைக் கூட்டுங்கள் என்கிறார். முதலாளியிடம் சொன்னேன்; ‘பார்க்கலாம்’ என்றிருக்கிறார்.