பெயரன்

29 நவம்பர் 2021, நீரோடி

ஒக்கிப் புயல் வந்து நாளையோடு நாலு வருஷம். சாயந்திரம் கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம். ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு வேறு பக்கம் போனது. கொச்சிப் பக்கத்துப் படகு கட்டும் யார்டில் எங்கள் புதுப் போட்டு பாதிக்கு மேல் ஆகிவிட்டது. பேர் எழுதுகிறவர் என்ன பேர் என்று கேட்கிறார்.

மயினி, அண்ணன் மனைவி, சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "சமுத்திர தாரகை."

அது அண்ணன் கொண்டுபோன போட்டு. 2017 நவம்பரில் கொச்சியிலிருந்து சுறாத் தூண்டிலுக்குப் போனது. எட்டுப் பேர். ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கடல் எடுத்த பேரு கடலுக்கே இருக்கட்டு. திருப்பி எழுதாண்டாம்."

30 நவம்பர்

விடிய விடிய மழைச்சத்தம். தூக்கமில்லை.

அண்ணனுடைய மகனுக்கு அப்பா பேர். மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாதென்று மயினி அவனைக் குட்டன் என்றுதான் கூப்பிடுவாள். பேரன் என்ற சொல்லே பேரிலிருந்து வந்ததுதானே. பெயரன், தாத்தா பேரைச் சுமக்கிறவன். ஆனால் அப்பாவின் கணக்கில் அந்த வழக்கம் வயசாகிப் படுக்கையில் போனவர்களுக்குத்தான். கடலில் போனவன் பேரை அவருடைய அம்மா எந்தப் பிள்ளைக்கும் விட்டதில்லையாம்.

அண்ணன் போனதிலிருந்து நான் திரும்பி வராத கப்பல்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதலில் எதற்கென்று எனக்கே தெரியாது. இப்போது அதில் ஒரு பகுதி எனக்கு வேண்டியிருக்கிறது: மூழ்கிய கப்பலின் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்ட கப்பல்கள்.

4 டிசம்பர்

கடற்படை தினம். 1971-இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய இரவின் நினைவு, இது ஐம்பதாவது வருஷம். அதே இரவையொட்டித்தான் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி அடியில் போனது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. 1975-இல் அவர்கள் போர்ச்சுகலிடமிருந்து ஒரு நீர்மூழ்கி வாங்கினார்கள். அதற்கு வைத்த பேர் காஸி.

எதிரி நாட்டுக் கப்பல்தான். ஆனால் அங்கேயும் ஏதோ ஒரு வீட்டில் அந்தப் பேரைத் திரும்பக் கேட்டபோது ஒருத்தி அழுதிருப்பாள். அது துக்கமா ஆறுதலா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். நான் மயினியைக் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றாள்.

9 டிசம்பர்

நேற்று குன்னூர் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி உட்படப் பலர் இறந்துவிட்டார்கள். டிவியில் வேறு செய்தி இல்லை, இருக்கவும் முடியாது. அந்தத் துக்கத்துக்கு நடுவில் இன்றைய தேதியின் இன்னொரு துக்கம் சத்தமில்லாமல் போகிறது. நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கி இன்றோடு ஐம்பது வருஷம்.

அப்பா வலைக்கயிறு முறுக்கிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்து வாசித்தேன்.

டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று பதுங்கியிருக்கிறதென்று தெரிந்து, அதைத் தேடிப்பிடிக்க பம்பாயிலிருந்து குக்ரியும் கிர்பானும் போயின. அவற்றின் கூட்டாளி குடார் பழுதாகி நின்றுவிட்டது. 1971 டிசம்பர் 9 இரவு ஒன்பதை நெருங்கும் நேரம். ஹாங்கோர் என்ற அந்த நீர்மூழ்கி முதலில் கிர்பானை நோக்கி விட்ட டார்ப்பிடோ வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியின் அடிவயிற்றில் வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்புச் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, முடிந்தவரை ஆட்களை வெளியே தள்ளிவிட்டு, கப்பலோடேயே போனார். மகாவீர் சக்கரம் அவர் இறந்த பிறகு வந்தது.

அப்பா கயிற்றை நிறுத்தவில்லை. "ஸ்றாங்கு அப்படித்தான் இருக்கணும்" என்றார். அண்ணன்தான் எங்கள் போட்டுக்கு ஸ்றாங்கு, போட்டைச் செலுத்துகிற தலைவன். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கொஞ்ச நேரம் வாசிக்கவில்லை.

மீதியைப் பிறகு வாசித்தேன். மசகான் கட்டுந்தளத்தில் ஒரு புதுக் கப்பல் கட்டி, 1989 ஆகஸ்ட் 23-ஆம் தேதி பம்பாயில் படையில் சேர்த்தார்கள். பேர் குக்ரி. அந்த வரிசையில் வந்த மற்றவற்றில் ஒன்று குடார், இன்னொன்று கிர்பான். அன்றைக்குச் சேர்ந்து அலைந்த மூன்று பேரும் திரும்ப வந்துவிட்டார்கள். புதுக் குக்ரியைப் பணியில் சேர்த்து வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதுகாப்பு அமைச்சர். இன்னொருவர் கேப்டன் முல்லாவின் மனைவி சுதா முல்லா.

"அந்தம்மா சம்மதிச்சாளா?" என்று கேட்டார் அப்பா.

"முன்னே நின்னே சேர்த்து வச்சாங்கப்பா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மயினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

13 டிசம்பர், கொச்சி

மயினியோடு யார்டுக்கு வந்தேன். முகப்பில் பேர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருக்கிறது. மயினி அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் புது விக்ராந்த் நிற்கிறது. ஆகஸ்டில் முதல்முறை கடலோட்டம் பார்த்தார்கள். பழைய விக்ராந்த் மூழ்கவில்லை. 1997-இல் ஓய்வு பெற்று, 2014-இல் உடைக்கப்பட்டது. அதனால் அந்தப் பேரைத் திரும்ப வைக்க யாருக்கும் கை நடுங்கியிருக்காது.

15 டிசம்பர்

அப்பா பக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். 1941 மே 24-ஆம் தேதி பிரிட்டனின் ஹூட் மூழ்கியபோது 1,400-க்கும் மேற்பட்டவர்களில் மூன்றே பேர் பிழைத்தார்கள். அந்தப் பேரை அவர்கள் அதற்குப் பிறகு எந்தக் கப்பலுக்கும் வைக்கவில்லை. அப்பா நினைப்பது போலவே உலகத்தில் ஒரு பெரிய கடற்படையும் நினைத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகமில்லை, தன்னைப் போல் இன்னொருவன் இருக்கிறானே என்ற முகம்.

அதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸின் பேர் இன்னொரு விமானந்தாங்கிக்குப் போனது. அந்த இரண்டாவது ஹெர்மிஸைத்தான் நாம் வாங்கி விராட் என்று வைத்துக்கொண்டோம். கொச்சியில் பழுது பார்க்க வந்து நின்ற விராட்டை அப்பாவே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதற்குள் அப்படி ஒரு பழைய பேர் இருந்ததென்று அவருக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் லெக்சிங்டன் கதை. 1942 மே மாதம் பவளக்கடல் போரில் அது மூழ்கியது. அதைக் கட்டிய குவின்சி தளத்தில் அப்போது கேபட் என்ற பேரில் இன்னொரு விமானந்தாங்கி உருவாகிக்கொண்டிருந்தது. அந்தத் தளத்துத் தொழிலாளர்களே, எங்கள் கப்பலின் பேரை இதற்கு வையுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். ஆணியடித்த கைகளுக்கு அந்த உரிமை உண்டு.

18 டிசம்பர்

குட்டன் இன்று பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் முதல். அப்பா அவனைத் தூக்கி "எமண்டன்லே நீ" என்றார். 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டன், இங்கே இப்படி ஊர்ச்சொல்லாகிக் கிடக்கிறது. அதே வருஷம் நவம்பரில் கோகோஸ் தீவுகளில் அதன் கதை முடிந்தது. ஜெர்மனியில் அடுத்தடுத்து எம்டன்கள் வந்தன. முதல் எம்டனில் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பேரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. கப்பல் பேருக்கு மனுஷர் வாரிசானது வேறெங்கும் நான் படித்ததில்லை.

24 டிசம்பர்

நேற்று சாயங்காலம் விசாகப்பட்டினத்தில் சூரியன் அடையும் நேரத்தில் கொடியை இறக்கி, புதுக் குக்ரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 32 வருஷம். 6 லட்சம் கடல் மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். வைக்கோலைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"அந்தப் பேரோட போனது, முழுசா கரைக்கு வந்துட்டா?"

"வந்துட்டுப்பா."

"உள்ளவங்க எல்லாரும்?"

"கொடியை இறக்கிட்டு நடந்தே இறங்கிட்டாங்க."

குடிலுக்குக் கூரை போட்டு முடிக்கும்வரை அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

27 ஜனவரி 2022

குக்ரியை விசாகப்பட்டினத்திலிருந்து டையூவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நேற்று குடியரசு தினத்தில் அங்குள்ள நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள், அருங்காட்சியகமாக நிற்கப்போகிறது. முதல் குக்ரி அடியில் கிடக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது குக்ரி. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

மத்தியானம் பேர் எழுதுகிறவர் போன் பண்ணினார். அப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சமுத்திர தாரகைன்னே எழுதிடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டுன்னு நம்பர் ஒண்ணும் போடாண்டாம்" என்றார்.

எழுத்து எந்த மாதிரி வேண்டுமென்று அங்கிருந்து கேட்டிருப்பார் போல. அப்பா போனை மயினியிடம் நீட்டினார்.

"பழைய போட்டோ ஒண்ணு இருக்கு," என்றாள் அவள். "அனுப்புகேன்."