பிங் போகிறது, பில் போகவில்லை: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

ஜூன் 11, செவ்வாய்

மாம்பழக் கூழ் சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் ஆலையின் வாசலில் பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பில்லிங் சர்வரிலிருந்து ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கு அரசு இணையதளத்தில் போடும் ஜிஎஸ்டி சீட்டு) போகவில்லை என்று காலையிலேயே போன். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் இல்லாமல் கூழ் வண்டி கிளம்ப முடியாது. இப்போதைக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா தன் கணினியிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத் தருகிறார்.

அவருடைய கணினியும் அதே ஃபயர்வால் (இணைய வாசலில் நிற்கும் காவல்) வழியாகத்தான் வெளியே போகிறது. அதில் இணையம் ஓடுகிறது. பில்லிங் விஎம்மில், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியில், எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் போகிறது, எந்த வலைப்பக்கமும் திறக்கவில்லை.

ஜூன் 12, புதன்

ஃபயர்வாலும் பில்லிங்கும் இப்போது ஒரே சர்வரில் இரண்டு விஎம்கள், நடுவில் அவற்றை இணைக்கும் மென்பொருள் சுவிட்சாக ஒரு பிரிட்ஜ். ஃபயர்வாலைத் தனிப் பெட்டியிலிருந்து இங்கே மாற்றிய பிறகுதான் தொல்லை.

மோடம் பக்க சுவிட்சில் போக்குவரத்தின் நகலைத் தரும் மிரர் போர்ட் போட்டு, லேப்டாப்பில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினேன். பில்லிங்கின் டிசிபி பாக்கெட்டுகள் (வலைப்பக்கமும் பில்லும் போகும் தரவுத் துண்டுகள்) வெளியே வருகின்றன, ஆனால் செக்சம், அதாவது வழியில் தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண், தப்பு. அனுப்பும் இயந்திரத்திலேயே பிடித்துப் பார்த்தால் செக்சம் தப்பாகத் தெரிவது சகஜம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேபிளுக்கு வந்த பிறகும் தப்பாக இருந்தால்தான் கோளாறு.

காரணம் ஆஃப்லோடு, அதாவது பிராசசரின் வேலையை நெட்வொர்க் கார்டிடம் தள்ளிவிடுவது. செக்சம் கணக்கை நெட்வொர்க் கார்டு முடித்துக்கொள்ளும் என்று பில்லிங் விஎம்மின் லினக்ஸ் பாக்கெட்டைப் பாதிக் கணக்கோடு விட்டுவிடுகிறது. கேட்டில் சீல் வைப்பார்கள் என்று வெறும் கையெழுத்தோடு அனுப்பிய பாஸ் மாதிரி. ஒரே சர்வருக்குள் விஎம்மிலிருந்து விஎம்முக்குப் போகும் வழியில் நிஜக் கார்டே கிடையாது. வாங்குவது லினக்ஸாக இருந்தால் 'இது முடியாத கணக்கு' என்ற குறிப்பைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஃபயர்வால் ஓடுவது ஃபிரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்தில். அது முகவரியை மாற்றி அப்படியே வெளியே தள்ளுகிறது, எதிர்முனை குப்பையில் போடுகிறது. அக்காவின் பாக்கெட்டை அவர் கணினியின் நிஜக் கார்டு முழுமையாக்கி அனுப்புவதால் பிரச்சினை இல்லை. பிங்கின் செக்சத்தை மென்பொருளே போட்டுவிடுகிறது, அதனால் அதுவும் தப்பியது.

ஜூன் 13, வியாழன்

ஃபயர்வால் அமைப்பில் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை அணைக்கும் டிக்கைப் போட்டு ரீபூட் செய்தேன். இனி அந்த விஎம்முக்குள் கொடுக்கும் முன் ஹோஸ்ட்டே, அதாவது விஎம்களைத் தாங்கும் சர்வரே, கணக்கை முடித்துவிடும். மதியம் முதல் வண்டிக்குப் பில் தானாகவே போனது. அக்காவுக்கு நிம்மதி, எனக்கு அதைவிட.

எல்லா ஆஃப்லோடையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்கெட் வெட்டுவதைக் கார்டிடம் விடும் டிஎஸ்ஓவை அணைத்தால் பெரிய தரவை 1500 பைட் துண்டுகளாக வெட்டும் வேலை பிராசசர் தலையில் விழும். வரும் சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்குபவை ஜிஆர்ஓவும் எல்ஆர்ஓவும். ஜிஆர்ஓ சேர்த்த பாக்கெட்டைத் திரும்பப் பிரிக்க முடியும், அதனால் பிரிட்ஜோடு ஒத்துப்போகும். எல்ஆர்ஓ அப்படியில்லை. சேர்க்கும்போதே தகவலை இழக்கிறது, அதனால்தான் பிரிட்ஜில் சேரும் கார்டில் லினக்ஸ் அதைத் தானே அணைக்கிறது. ஒவ்வொன்றாகச் சோதித்து, கெடுப்பதை மட்டும் அணைப்பதுதான் சரி.

ஜூன் 15, சனி

தருமபுரி கிளையிலும் அடுத்த வாரம் ஃபயர்வாலை விஎம்மாக மாற்றுகிறார்கள். அங்கே இருக்கும் தம்பிக்கு போனில் சொல்லிவிட்டேன்: மாற்றும் அன்றே அந்த டிக்கைப் போடு, அப்புறம் பிங்கோடு நிற்காமல் பக்கத்து விஎம்மிலிருந்து ஒரு வலைப்பக்கத்தையும் திறந்து பார்.