திங்கட்கிழமையே தெரிந்திருந்தது

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. ஓடுபாதை முழுக்க மூடுபனி, அதிலிருந்து பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று, புறப்பட ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்து கேட்டும் விட்டார், ஆனால் விலகியாச்சு என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அதற்கு மேல் அவர் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர், அப்படிப்பட்டவரை யார் இரண்டாவது முறை கேட்பார்கள்?

போன மாதம் எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஒரு ரிலீஸ் சொதப்பி, இரவு பதினொன்றரைக்கு எல்லாரும் லாக் பார்த்துக்கொண்டிருந்தபோது, சேர்ந்து ஆறு மாதமான பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, இது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். மீட்டிங்ல நீங்க அவசரமா இருந்தீங்க."

தூக்கம் போய்விட்டது.

டெனரிஃப்புக்கு அப்புறம் விமானத் துறை, கேப்டனை மறுத்துப் பேச மற்றவர்களுக்கும், அதைக் காதுகொடுத்துக் கேட்க கேப்டனுக்கும் தனிப் பயிற்சியே கொண்டுவந்தது. நான் செய்தது சின்ன விஷயம்தான். இப்போதெல்லாம் மீட்டிங்கில் ஜூனியர்கள்தான் முதலில் பேசுகிறார்கள், நான் கடைசியில். நேற்று அவள் என் டிசைனில் இரண்டு ஓட்டைகளைக் காட்டினாள், ஒன்று நிஜமாகவே பெரியது, இன்று காலை உட்கார்ந்து சரிசெய்தோம்.