அனுமதி எண் இருக்க வேண்டிய இடம்

2018 ஆவணியில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் என்பதால் சீர்வரிசை, மேளம் எல்லாவற்றோடு பேனர் வேலையும் என் தலையில் விழுந்தது. 10க்கு 8 அடி. மேலே பிள்ளையார், நடுவில் பட்டுப்புடவையில் மருமகள், மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட மச்சான், கீழே சித்தப்பா பெரியப்பா பையன்கள் வரிசையாக, ஆளுக்கொரு செல்போனைக் காதில் வைத்தபடி. ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணுகிற பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் முகம் யார் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்ற குடும்பச் சிக்கலை ஒரு மணி நேரம் தீர்த்து முடித்தபிறகுதான் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'அனுமதி எண்:' என்று போட்டு, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“தம்பி, இது என்ன?”

“அது டெம்ப்ளேட்லயே இருக்குண்ணே. கோர்ட்டு கேஸ் வந்தப்ப போட்டது. நம்பர் இருந்தா சொல்லுங்க, அடிச்சிடலாம்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி அப்படியே இருக்கட்டும்ணே. யாரு குனிஞ்சு படிக்கப் போறா?”

நானும் சரி என்று விட்டுவிட்டேன். மண்டபத்துக்கு எதிரே, மெயின் ரோட்டு ஓரத்தில், இரண்டு சவுக்குக் கட்டையை நட்டு, கட்டுக்கம்பியால் நாலு முடிச்சுப் போட்டுப் போய்விட்டார்கள். காற்று அடித்தால் என்ன ஆகும் என்று கட்டினவர்களும் யோசிக்கவில்லை, காசு கொடுத்த நானும் யோசிக்கவில்லை.

மறு வருஷம், 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ரோட்டின் நடுத் தடுப்பில் வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மீது விழுந்தது. நிலைதடுமாறிக் கீழே விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்த நாலு முடிச்சுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பேனர் யார்மேலும் விழாமல் போனதற்கு அன்றைக்குக் காற்று இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று. டிஜிட்டல் பேனருக்கென்று 2011இல் தனி விதிகளும் வந்தன: முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், இடத்துக்காரர் சம்மதமும் போலீஸ் ஒப்புதலும் வேண்டும், அனுமதி எண்ணையும் எந்தத் தேதிவரை என்பதையும் பேனரிலேயே அச்சிட வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அப்போது இருந்தது. எழுத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேனரின் ஆயுள் இரண்டு நாள், கோப்பின் ஆயுள் இரண்டு வாரம். நோட்டீஸ், விளக்கம், உத்தரவு என்று நகரும் முறையெல்லாம் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற இரும்புச் சட்டத்துக்குப் பொருந்தும். சென்னையின் ராட்சத ஹோர்டிங்குகள் அப்படித்தான் இறங்கின, வழக்கு இழுத்து இழுத்து 2008இல் உச்ச நீதிமன்றம் ஹோர்டிங்குக்கான விதிகள் செல்லும் என்று சொன்னபிறகு. அதே முறையை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி முளைத்து ஞாயிற்றுக்கிழமை மறைகிற பேனரைப் பிடிக்கவே முடியாது.

போன வருஷம் நானே முயன்று பார்த்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் வளைவில் ஒரு கட்சிப் பிரமுகரின் பிறந்தநாள் பேனர், எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்கு. படம் எடுத்துப் புகார் அனுப்பினேன். ஐந்தாம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில், கூடவே காலி இடத்தின் படம். பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாளே அவர்களாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்! கட்டை நட்ட குழி இரண்டும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. குழி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கீழ்மட்ட ஊழியரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. பேனரில் கை வைப்பதற்கு முன் அவர் பார்ப்பது அனுமதி எண்ணை இல்லை, முகத்தைத்தான். 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடவே கூடாது என்று உத்தரவு போட்டது. எனக்கென்னவோ அதில் பெரிய விவரம் இருந்ததாகப் படுகிறது, முகம் இல்லை என்றால் பாதிப் பேர் பேனரே வைக்க மாட்டார்கள். அந்த உத்தரவு நிலைக்கவில்லை. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி போல ஒரு மனிதர் தானே போய்க் கிழித்துப்போட வேண்டியிருந்தது. பள்ளிக்கரணைக்குப் பிறகு கட்சிகள் எல்லாம் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. அடுத்த மாதமே மாமல்லபுரத்துக்கு வரும் சீன அதிபரை வரவேற்க பேனர் வைக்க வேண்டும் என்று அரசே நீதிமன்றத்துக்குப் போனது. முறைப்படி கேட்டார்கள், அதுவரைக்கும் நல்லதுதான்.

நிலையான ஹோர்டிங் என்றால் மட்டும் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புயல்காற்றில் சரிந்து 17 பேரைக் கொன்றது 120க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கிற உச்ச அளவு 40க்கு 40. அது நின்றது ரயில்வே போலீஸ் கையில் இருந்த நிலம் என்பதால், யார் அனுமதி தர வேண்டும் என்பதிலேயே தகராறு.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் வேறு மாதிரி செய்தார்கள். 2007இல் வெளிப்புற விளம்பரத்துக்கே தடை போட்டார்கள். கடைப் பெயர்ப்பலகைக்குக்கூட அளவு வைத்தார்கள், முகப்பு 10 மீட்டருக்குக் குறைவு என்றால் பலகை ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது கெடுபிடிதான், ஆனால் கண்காணிப்பது எத்தனை சுலபம் என்று யோசியுங்கள். தடை வந்த புதிதில் விளம்பரம் என்று ஒன்று கண்ணில் பட்டாலே குற்றம். நம் ஊரில் இது அனுமதி வாங்கினதா, எத்தனை நாளைக்கு, என்ன அளவுக்கு என்று குனிந்து பொடி எழுத்தைப் படிக்க வேண்டும், அந்த எழுத்தும் இருந்தால்தானே.

நம் ஊருக்கு முழுத் தடை சரிப்படாது. காதுகுத்துக்கு பேனர் இல்லை என்றால் சொந்தத்தில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அச்சடிக்கும் இடத்தில் பிடிக்கலாம். எண் இல்லாமல் மெஷின் ஓடக்கூடாது, ஓடினால் கடைக்கு சீல், அவ்வளவுதான். ஒரு ஊரில் பேனர் ஆயிரம் இருக்கும், ஃபிளெக்ஸ் மெஷின் எத்தனை இருந்துவிடப் போகிறது? அந்தப் பையன் அன்றைக்கு 'நம்பர் இல்லாம அடிக்க முடியாதுண்ணே' என்று சொல்லியிருந்தால் நானே முணுமுணுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போயிருப்பேன், அல்லது பேனரே வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

அந்த ஃபிளெக்ஸ் இப்போது அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரை. மருமகள் காலேஜ் போகிறாள், ஃபிரெண்ட்ஸ் வந்தால் கொட்டகைப் பக்கம் விடுவதில்லை. போன பொங்கலுக்குப் போனபோது உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். மச்சானின் முகம் வெளுத்துப்போய் கண்ணாடி மட்டும்தான் மிச்சம். ஓரத்தில் அந்தப் பொடி எழுத்து மட்டும் நன்றாகப் படிக்க வருகிறது.